குழந்தைக்கு ஏற்ற மெத்தை எது?

வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்றதும் நம் குடும்பங்களில் முதலில் வாங்கப்படும் பொருள்களில் மெத்தையும் ஒன்று. பச்சைப் பிள்ளைக்குப் பஞ்சு போன்ற மெத்தை வேண்டும் என்பதே பெரும்பாலோர் எண்ணம். ஆனால், மருத்துவர்கள் கூறுவது இதற்கு நேர்மாறானது. குழந்தையின் மெத்தை உறுதியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர்களின் முதல் விதி. பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அக்காளுக்கும் அண்ணிக்கும் துணையாகக் கடைக்குச் செல்பவர்கள் நாம்தாமே!

ஏன் உறுதி வேண்டும்?

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்குக் கழுத்தில் வலு குறைவு. முகம் மென்மையான மெத்தையில் புதைந்துவிட்டால் தலையைத் திருப்பிக்கொள்ள அதனால் இயலாது. தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் மீண்டும் சுவாசிப்பதால் உயிர்க்காற்று குறைந்து மூச்சுத் திணறும்.

1992-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது என்று அறிவித்தது. 1994-இல் இது நாடு தழுவிய இயக்கமானது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டில் திடீர் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மல்லாந்து படுக்க வைப்பது, உறுதியான மெத்தை, வேறு பொருள்கள் இல்லாத படுக்கை ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் இன்றும் வலியுறுத்துகின்றனர்.

மெத்தை வகைகள்

இலவம்பஞ்சு மெத்தையை நம் தாத்தா பாட்டி நன்கறிவர். மலாய்க்காரர்கள் இதைக் கெகாபு என்பர். காற்றோட்டமானது என்றாலும் நாளடைவில் பஞ்சு கட்டிதட்டி, நடுவில் குழி விழும். குழி விழுந்த மெத்தை குழந்தைக்கு ஆகாது.

ஸ்பாஞ்சு மெத்தை விலை குறைந்தது, எடையும் குறைவு. அடர்த்தி மிகுந்ததாக இருந்தால் குழந்தைக்குப் பொருந்தும். கையை வைத்து எடுத்த பின்னும் தடம் மறையாத ‘மெமரி ஃபோம்’ வகையை மட்டும் தவிர்க்க வேண்டும்.

லேடெக்ஸ் மெத்தை நமக்கு அந்நியமானதன்று. ஜொகூர் தோட்டங்களில் நம் முன்னோர் விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த ரப்பர் பால்தான் இதன் மூலப்பொருள். 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் அப்பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறையைக் கண்டனர். லேடெக்ஸ் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இதிலும் மென்மையான வகை உண்டு. செயற்கை ரப்பர் கலந்ததும் உண்டு. ஆகவே, பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

விலையுயர்ந்த மெத்தையே சிறந்தது என்பதில்லை. ஸ்கூடாயில் வாங்கினாலும், தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மூவாரில் வாங்கினாலும் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவதாக, மெத்தையின் நடுவிலும் ஓரங்களிலும் உள்ளங்கையால் அழுத்துங்கள். கையை எடுத்தவுடன் அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவதாக, கட்டிலின் உள்ளளவை எடுத்துச் செல்லுங்கள். மெத்தைக்கும் கட்டில் சட்டத்திற்கும் இடையில் இரண்டு விரல்களுக்கு மேல் நுழைந்தால் அம்மெத்தை பொருந்தாது. அந்த இடைவெளியில் குழந்தையின் முகம் சிக்கிக்கொள்ளக்கூடும்.

மூன்றாவதாக, தடிமனைப் பாருங்கள். அமெரிக்க விதிமுறைப்படி குழந்தைக் கட்டில் மெத்தை 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மெத்தை உயர உயரக் கம்பித் தடுப்பின் உயரம் குறையும். எழுந்து நிற்கப் பழகிய பிள்ளை எளிதாக ஏறி விழும்.

வீட்டிற்குக் கொண்டு வந்ததும் பிளாஸ்டிக் உறையை அகற்றிவிட்டு, இறுக்கமாகப் பொருந்தும் விரிப்பைப் போடுங்கள்.

ஈரக்காற்றும் உண்ணியும்

ஜொகூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் மிகுதி. கண்ணுக்கு எளிதில் புலப்படாத தூசி உண்ணிகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியும், நாம் உதிர்க்கும் தோல் துகள்களைத் தின்றும் மெத்தையில் பெருகுகின்றன. அவற்றின் கழிவு சில குழந்தைகளுக்கு ஆஸ்துமாவையும் தோல் அரிப்பையும் தூண்டும். எனவே, கழற்றித் துவைக்கக்கூடிய உறையுள்ள மெத்தையைத் தேர்ந்தெடுங்கள். விரிப்பை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது நல்லது.

தொட்டிலும் தலையணையும்

நல்ல மெத்தை வாங்கிவிட்டு அதன்மேல் கடுகுத் தலையணை, திண்டு, பொம்மை என்று அடுக்கினால் பயனில்லை. ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. சாரோங் தொட்டிலும் நம் வீடுகளில் வழக்கமானதே. ஆனால், துணியில் குழந்தையின் முதுகு வளைகிறது. முகவாய் மார்பில் படிந்தால் மூச்சுக்குழல் சுருங்கும். ஆகவே, தாலாட்டுக்குத் தொட்டில் இருக்கட்டும். கண்ணயர்ந்ததும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.

நம் பாட்டிமார் தரையில் பாய் விரித்து, மடித்த துணியை இழுத்துப் போட்டு, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினர். சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்ற இன்றைய விதிக்கு அந்தப் படுக்கை, நூற்றுக்கணக்கான ரிங்கிட் விலையுள்ள மென்மெத்தையைவிடப் பொருத்தமானது. மெத்தை வாங்கப் பணமில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை. அடுத்த முறை உறவினர் எவரேனும் குழந்தைக்கு மெத்தை வாங்கப் புறப்பட்டால் நீங்களும் உடன் செல்லுங்கள். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.