காதிரைச்சலும் தொழிற்களமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

யூலை முதல் செப்ரெம்பர் வரை ஊவா மலைச்சரிவுகளில் வறண்ட காற்று வீசும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தையும் விலையையும் ஈட்டித் தருவது இக்காற்றே. அப்பருவத்தில் தொழிற்சாலைகளில் வாட்டும் தளத்து விசிறிகளும், அரைக்கும் உருளைகளும், உலர்த்தும் இயந்திரங்களும், சல்லடைகளும் இரவிலும் ஓடும். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பிப் படுத்த பின்னரும், “காதுக்குள்ள மெசின் ஓடுது” என்று கூறுவோர் உளர். புறத்தே ஒலியெதுவும் இல்லாதபோதும் காதிலோ தலையிலோ ஒலி கேட்கும் இந்நிலையே காதிரைச்சல் எனப்படுவது. சுஸ்ருத சங்கிதை இதனைக் கர்ணநாதம் எனக் குறிக்கும். இது தனியொரு நோயன்று; பல நோய்களின் அறிகுறி.

இலக்கிய மாணவரான எமக்கு இதில் என்ன அலுவல் என வினவப்படலாம். பெரும்பாலான காதிரைச்சலை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. நோயாளியின் சொல்லே முதற்சான்று. எவருடைய சொல்லுக்குச் செவிசாய்க்கப்படுகிறது என்பது இலக்கியத்துக்குப் புறம்பான வினாவன்று.

மருத்துவம் காதிரைச்சலை அகநிலை, புறநிலை என இரண்டாகப் பகுக்கின்றது. (தத்துவ விவாதங்களில் நாம் ஓயாது வழங்கும் இச்சொற்கள் இங்கு மிகத் திட்டமான பொருளில் நிற்கின்றன.) நோயாளிக்கு மட்டுமே கேட்பது அகநிலை, மிகப் பெரும்பாலானவை இவ்வகையின. பரிசோதிக்கும் மருத்துவரும் கேட்கக்கூடியது புறநிலை, இது அரிது. இரத்தக் குழாயின் ஓட்டமோ காதை அடுத்த தசையின் துடிப்போ அதன் மூலமாக இருக்கும்.

நாடித்துடிப்போடு ஒத்து ஒலிக்கும் இரைச்சலைத் தனித்து நோக்குதல் வேண்டும். குழாய்க் குறைபாடுகள், உயர் இரத்த அழுத்தம் என்பவற்றோடு இரத்தச்சோகையும் இதற்குக் காரணமாகும். இரத்தம் நலிவுறும்போது இருதயம் விரைந்து இயங்குகின்றது. குழாய்களில் ஓட்டம் மிகுந்து காதுக்குக் கேட்கின்றது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலானது என்பது புதிய செய்தியன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி “காதுல திக்குத் திக்குங்குது” என முறையிட்டால், காதை மட்டும் நோக்குவது போதாது. அவளது உணவையும் பிள்ளைப்பேறுகளையும் விசாரித்து, இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். கழுத்தை அல்லது தாடையை அசைக்கும்போது ஒலி மாறுமாயின் அது தசை, மூட்டுச் சார்ந்த வகை. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமப்போரிடம் இதையும் கேட்டறிதல் தகும்.

பேரொலியால் விளையும் வகையே எமது பொருளுக்கு மையமானது. உட்காதின் நத்தையெலும்பில் உள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக்குவன. அவை சிதைந்தால் மீள முளைப்பதில்லை. செய்தி குன்றிய இடத்தை மூளை தன் உணர்திறனைக் கூட்டி ஈடுசெய்ய முனைகையில் இல்லாத ஒலி எழுகின்றது என்பது இன்றைய விளக்கம். முதலிற் பழுதுறுவது 4000 ஹேர்ட்ஸை ஒட்டிய மேற்சுருதிப் பகுதி. உயிரொலிகள் நன்கு கேட்கும். ச, த முதலிய மெய்களின் வேறுபாடு மங்கும். எனவே அவர் “கேட்கிறது, விளங்கவில்லை” என்பார். பிறர் அதனைக் கவனக்குறைவு என்பர்.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பல நாடுகள் ஏற்ற எல்லை. மூன்று டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். தாங்கத்தக்க நேரம் பாதியாகும். கைநீளத் தொலைவில் நிற்பவரோடு உரத்த குரலிற் பேசவேண்டியிருந்தால் அவ்வெல்லை தாண்டப்பட்டது எனலாம். பருவ காலத்தில் வேலைநேரம் நீளும்போது எல்லை மேலும் கீழிறங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவில் இக்கணக்குச் சேர்வதில்லை. தொழிற்சாலைச் சக்கரத்துக்குரிய காவல் தெய்வமாக ரோதைமுனியைத் தோட்ட மக்கள் வழிபட்டு வந்துள்ளனர். இயந்திரம் உயிரையோ கையையோ பறித்துவிடும் என்ற அச்சம் அவ்வழிபாட்டில் உறைந்துள்ளது எனக் கருதுகிறோம். செவியின் இழப்போ சிறிது சிறிதாக நிகழ்வதால் அச்சத்துக்கும் இடந்தருவதில்லை.

மருந்துகளாலும் இரைச்சல் தோன்றும். நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு வரும் வீதியிலுள்ள ஹக்கல பூங்கா, 1861 இல் சிங்கோனா வளர்ப்புக்காக நிறுவப்பட்டது. 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்கவே, துரைமார் 1880களில் சிங்கோனாவைப் பெருமளவில் நட்டனர். ஏற்றுமதி மிஞ்சி விலை வீழ்ந்ததும் தேயிலைக்கு மாறினர். அப்பட்டையிலிருந்து பெறும் குயினின் மலேரியாவைத் தணித்தது. அளவு மிஞ்சியபோது காதில் இரைச்சலையும் எழுப்பியது. மிகையான அஸ்பிரினும் அவ்வாறே. இவ்விரண்டின் விளைவு பெரும்பாலும் மருந்தை நிறுத்தத் தணியும். காசநோய்க்கு வழங்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசினும், ஜென்ராமைசினும் விளைக்கும் கேடு நிலைத்துவிடக்கூடும். முதுமை, புகைத்தல், பிள்ளைப் பருவத்திலிருந்தே சீழ்வடியும் காது ஆகியனவும் ஏதுக்களே. காதை அடைத்த குறும்பியை அகற்றியதும் இரைச்சல் ஓய்ந்துவிடுவதும் உண்டு.

இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700 இல் வெளியிட்ட நூலில், நோயாளியிடம் “உமது தொழில் யாது?” எனவும் கேட்குமாறு மருத்துவரை வேண்டினார். தோட்ட மருந்தகத்தில் அவ்வினா தேவையற்றதாகத் தோன்றலாம். எல்லாரும் தோட்டத் தொழிலாளர்தாமே. ஆயினும் அரைக்கும் அறையில் இருபதாண்டு நின்றவரும், மலையில் கொழுந்தெடுப்பவரும் ஒரே வகைக் காதிரைச்சலுக்கு ஆளாவதில்லை. எப்பிரிவில், எத்தனை ஆண்டு, காதுக்கவசம் வழங்கப்பட்டதா, ஒலி ஒரு காதிலா இரண்டிலுமா, நாடியோடு துடிக்கிறதா, என்ன மருந்து உட்கொள்கிறார் என்பன நோயேட்டில் பதியப்பட வேண்டியவை. பதியப்படாவிடின் பின்னாளில் நட்டஈடு கோரவும் சான்றிராது.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் நீடித்துக் கேள்வி குறைவதும், தலைச்சுற்று உடன்வருவதும், நாடியோடு ஒலிப்பதும் பதுளை வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பப்பட வேண்டியன. திடீரெனக் கேள்வி அற்றுப்போனால் ஓரிரு நாட்களுள் அங்கு சேர்தல் வேண்டும். அச்சிகிச்சையின் பயன் நாள் கடக்கக் குறைந்துவிடும்.