சென்னையில் பிறந்த 'ஹெரால்டு' கார்: கண்ணில் பட்டால் 'கிளிக்' பண்ணுங்க!

சென்னை:

ரோட்டில் பழைய கார் ஒன்று போனால் போதும். பைக்கை ஓரங்கட்டிவிட்டு, செல்போனோடு ஓடுகிறார்கள் கார் பிரியர்கள். அரிய கார்களைத் தேடிப்பிடித்து போட்டோ எடுப்பதுதான் இவர்களது பொழுதுபோக்கு.

வெளிநாட்டு சொகுசு கார்களை மட்டும்தான் எடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலேயே தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' சிக்கினால் அன்றைக்கு தீபாவளிதான்!

அடையாளம் எப்படி?

சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனம், 1961-ல் ஹெரால்டை கொண்டு வந்தது. இங்கிலாந்தின் 'டிரையம்ப் ஹெரால்டு'தான் இதற்கு மூலம். டிசைன் போட்டவர் இத்தாலிக்காரரான மிச்செலோட்டி.

மற்ற கார்களில் பானெட் மட்டும் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து முன்பகுதி மொத்தமும் முன்பக்கமாக கவிழும். முதலில் 2 கதவுகளுடன் வந்தது. 4 கதவு பிறகு வந்தது.

அடுத்து 'கெசல்' வந்தது. 1985-ல் வந்த 'ஸ்டாண்டர்டு 2000' எடுபடவில்லை. 1988-ல் கார் தயாரிப்பே நின்றது. உதிரி பாகம் குதிரைக்கொம்பு ஆனதால், ரிப்பேரான பல கார்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன.

போட்டோவால் என்ன லாபம்?

மிச்சம் இருக்கும் காரை பழையபடி மாற்ற நினைப்பவருக்கு, கிரில், கைப்பிடி, எம்பளம் எப்படி இருந்தது என்று காட்ட போட்டோதான் கைகொடுக்கும்.

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் பாடி, சேசிஸ், என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 ஆண்டு செல்லும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து இருக்கும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஓட்ட முடியாது.

இதை மறக்காதீங்க

* வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுக்காதீர்கள். விரட்டவும் வேண்டாம்.

* வீட்டுக்குள் நிற்கும் கார் என்றால், உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள்.

* படத்தை வெளியிடும்போது நம்பர் பிளேட்டை மறையுங்கள். வீடு, தெரு பெயர் வேண்டாம். இடம் தெரிந்தால் பாகம் திருடுபவர்களுக்கும் புரோக்கர்களுக்கும் நாமே வழிகாட்டியது போலாகிவிடும்.

* மாடல், ஆண்டு, பார்த்த தேதியை குறித்து வையுங்கள். விவரம் இல்லாத படத்தால் பின்னாளில் யாருக்கும் பயனில்லை.

ரோட்டில் பழைய கார் எதுவும் சிக்கவில்லையா? கோவை அவினாசி ரோட்டில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.