வெந்நீர் ஊற்றுக்கு ஓர் அறிவிப்புப் பலகை

சித்திரை பிறந்துவிட்டால் மேற்கு மாம்பலத்தில் வடநாட்டு யாத்திரைப் பேச்சு தொடங்கிவிடும். ஆரியகௌடா சாலையில் நடந்து செல்பவரின் கையில் பத்ரிநாத், கேதார்நாத் பயணத்துக்கான துண்டறிக்கை ஒன்றாவது வந்து சேரும். எங்கள் பகுதியில் பணி ஓய்வு பெற்றவர்கள் அதிகம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த வதரியை ஒருமுறையேனும் சேவித்துவிட வேண்டும் என்பது அவர்களில் பலரின் வாழ்நாள் விருப்பம்.

அந்தத் துண்டறிக்கைகளில் தங்குமிடம், தென்னிந்தியச் சாப்பாடு, போர்வை எல்லாம் குறிப்பிடப்பட்டிருக்கும். 'தப்த குண்டத்தில் புனித நீராடல்' என்று ஒரு வரியும் இருக்கும். ஆனால், அந்த நீரின் சூடு எவ்வளவு, அதில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற விவரம் நான் பார்த்த எதிலும் இல்லை. அறுபதைக் கடந்தவர்களே பெரும்பாலும் செல்லும் பயணத்தில் இது சிறிய விடுபடல் அன்று.

இமயமலையில் வெந்நீர் எங்கிருந்து வருகிறது? அங்கு எரிமலை இல்லை. இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டின் அடியில் தொடர்ந்து நெருக்கிக்கொண்டிருப்பதால் பாறை அடுக்குகளில் ஆழமான பிளவுகள் உண்டாகியுள்ளன. மழைநீரும் பனி உருகிய நீரும் அந்தப் பிளவுகள் வழியே கீழே இறங்குகின்றன. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உயரும். இமயமலை வேகமாக உயர்ந்து, வேகமாகத் தேய்வதால், ஆழத்திலிருந்த சூடான பாறைகள் மேற்பரப்புக்கு நெருங்கி வந்துள்ளன. அவற்றைத் தொட்டுச் சூடேறிய நீர், மற்றொரு பிளவு வழியே மேலேறி வருகிறது. வரும் வழியில் கரைந்த தாது உப்புகளையும், சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றமுடைய கந்தக வாயுவையும் சேர்த்துக் கொண்டுவருகிறது.

நம் நாட்டின் வெந்நீர் ஊற்றுகளை முறையாகப் பட்டியலிடும் முயற்சி புதிதன்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவரான தாமஸ் ஓல்டாம் தொகுத்த, ஏறத்தாழ முந்நூறு ஊற்றுகளைக் கொண்ட பட்டியல் 1882-இல் வெளிவந்தது. இன்று யாத்திரிகர்கள் அதிகம் செல்லும் யமுனோத்ரி, பத்ரிநாத், இமாசலப் பிரதேசத்தின் மணிகரண், மணாலியை அடுத்த வசிஷ்டம் ஆகியவற்றின் ஊற்றுகள் எல்லாம் ஒரே தன்மையவை அல்ல. 'வெந்நீர்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் அவை ஒன்றாகிவிடா.

சுமார் 3,290 மீட்டர் உயரத்தில் உள்ள யமுனோத்ரியின் சூரிய குண்டத்தில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 88 டிகிரி. காற்றழுத்தம் குறைந்த அந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது, அது கொதிநிலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர். பக்தர்கள் துணியில் அரிசியையும் உருளைக்கிழங்கையும் முடிந்து அதில் அமிழ்த்தி வேகவைத்துப் பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர். மணிகரண் குருத்வாராவில் பொது உணவே ஊற்று வெந்நீரில் சமைக்கப்படுகிறது. இவற்றில் யாரும் தவறிக் கூடக் கை வைக்க மாட்டார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, குளிக்கும் சூட்டில் இருப்பதாகத் தோன்றும் நீரில்தான் உள்ளது. பத்ரிநாத் தப்த குண்டத்தின் வெப்பம் 45 டிகிரி என்று சில குறிப்புகளும் 55 டிகிரி என்று வேறு சில குறிப்புகளும் கூறுகின்றன. பத்து டிகிரிதானே என்று எண்ணிவிடக் கூடாது. 49 டிகிரி நீர் ஆரோக்கியமான ஒருவரின் தோலைக் கடுமையாகச் சுட ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். 54 டிகிரி நீருக்கு அரை நிமிடமே போதும். வெந்நீர்த் தொட்டிகளின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை.

முதியோரின் தோல் மெலிதானது. இதைவிட விரைவாகச் சுடும். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதங்கள் மரத்துப்போயிருக்கலாம். படியில் காலை வைத்ததும் 'சூடு பொறுக்கும்படிதான் இருக்கிறது' என்று அவர்கள் சொல்வது, சூடு குறைவு என்பதால் அன்று, உணர்வு குறைவு என்பதால். அறைக்குத் திரும்பிய பிறகே கொப்புளம் தெரியவரும். சர்க்கரை நோயாளியின் காலில் ஏற்படும் புண் எங்கு கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது இரத்த அழுத்தம். சூடான நீரில் உடல் அமிழும்போது தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. நீரிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் கூடுதல். பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விடியற்காலை, வெறும் வயிறு, பயணக் களைப்பு, உறைய வைக்கும் குளிர், அதன் நடுவே கொதிப்பான நீர். இளைஞர் தாங்கிக்கொள்வதை எழுபது வயது இதயமும் தாங்கும் என்று கொள்ள முடியாது.

மூன்றாவது, கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிர்களைப் பறித்த மூளை உண்ணும் அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இது, ஏறத்தாழ 46 டிகிரி வரையிலான சூட்டிலும் வளரக்கூடியது. நீரைக் குடிப்பதால் இது தொற்றுவதில்லை. மூக்கின் வழியே ஏறினால்தான் ஆபத்து. எனவே எந்த வெந்நீர் ஊற்றிலும் தலையை முழுக்காமல் இருப்பதே நல்லது.

முழுக்கு இல்லாமல் தீர்த்தமாடுவது எப்படி என்று கேட்கலாம். உடல் இடங்கொடாதவர்கள் தலையில் நீரைத் தெளித்துக்கொண்டு புரோட்சணம் செய்துகொள்ளும் வழக்கம் நம்மிடமே உண்டு. இராவணன் தன் தாயின் கடன்களைச் செய்த இடம் என்று ஈழத் தமிழர் போற்றும் திருகோணமலைக் கன்னியாவில், வெவ்வேறு சூடுள்ள ஏழு சிறு கிணறுகளிலிருந்து நீரை மொண்டு ஊற்றித்தான் குளிக்கின்றனர்; யாரும் உள்ளே இறங்குவதில்லை. மொண்டு ஊற்றும் நீர் காற்றில் சற்றே ஆறும். பாதத்திலிருந்து தொடங்கினால் உடலும் பழகிக்கொள்ளும். முன்னோர் வழக்கமும் மருத்துவ அறிவும் இங்கே முரண்படவில்லை.

இவற்றையெல்லாம் யாத்திரிகருக்கு யார் சொல்வது? வெந்நீர் ஊற்றுக் குளியலைத் தம் பண்பாட்டின் அங்கமாகவே கொண்ட ஜப்பானியர் இதற்கென 1948-இல் ஒரு சட்டம் இயற்றினர். அதன்படி, ஊற்று நீரைப் பயன்படுத்தும் குளியலிடங்கள் அந்நீரில் கரைந்துள்ள பொருள்கள் எவை, எந்த நோயுள்ளவர்கள் இறங்கக் கூடாது, எவற்றில் கவனம் வேண்டும் என்பனவற்றை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். இதனால் அங்கு ஊற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நம் ஊற்றுகளின் கரையிலும் அத்தகைய பலகைகள் வேண்டும். பல மாநிலத்தவர் வரும் தலங்களில் அவை தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இருக்க வேண்டும். அன்றன்று காலை அளந்த வெப்பநிலையையும் அதில் குறிக்க வேண்டும். ஏனெனில் ஊற்று மாறாத ஒன்றன்று. நிலநடுக்கத்தால் பிளவுகள் நகர்ந்தால் நீரின் அளவும் சூடும் மாறும். கேதார்நாத் செல்வோர் நீராடிய கௌரிகுண்டத்தின் வெந்நீர்க் குளத்தை 2013 ஜூன் வெள்ளம் அழித்துவிட்டது. பழைய நூலில் கண்ட அளவை நம்பி இன்று நீரில் இறங்குவது சரியாகாது.

பலகை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சென்னையிலிருந்து யாத்திரை அழைத்துச் செல்பவர்கள் தங்கள் துண்டறிக்கையில் ஆறு வரிகளைச் சேர்க்கலாம்: புறப்படும் முன் மருத்துவரிடம் நீராடல் பற்றியும் கேளுங்கள், நீரின் சூட்டைப் பாதத்தால் அன்று, முழங்கையால் சோதியுங்கள், இறங்குவதைவிட மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள், சில நிமிடங்களில் முடித்து மெல்ல எழுந்திருங்கள், துணைக்கு ஒருவர் அருகில் நிற்கட்டும். கூடவே வழிகாட்டியின் பையில் ஒரு வெப்பமானியும் இருந்தால், பெற்றோரை வழியனுப்பிவிட்டு இங்கே தொலைபேசிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கவலை சற்றுக் குறையும்.