கடிகாரம் புகுந்த பட்டறை

பெத்லகேம் எஃகு ஆலையின் முற்றத்தில் அள்ளிப் போடும் வேலைதான் பிரதானம். 1890களின் கடைசியில் அமெரிக்காவின் அந்த ஆலைக்குத் தொழிலாளிகள் அவரவர் மண்வாரியோடுதான் வருவார்கள். இரும்புத் தாதுவுக்கும் அதே வாரி, நிலக்கரித் தூளுக்கும் அதே வாரி. தாது என்றால் ஒரு தடவைக்கு 38 பவுண்டு ஏறும். தூள் என்றால் மூன்றரை பவுண்டுதான்.

ஃபிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் இதைப் பிடித்துக்கொண்டார். கெட்டிக்கார ஆட்கள் சிலரை விதவிதமான எடையில் அள்ளவைத்து, பொழுது சாயும்போது எவ்வளவு தேறுகிறது என்று கணக்கெடுத்தார். வாரிக்கு சுமார் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ என்றால்தான் மொத்தம் அதிகம். அதன்பின் தாதுவுக்குச் சின்ன வாரி, தூளுக்குப் பெரிய வாரி என ஆலையே கொடுத்தது. 400 முதல் 600 பேர் செய்ததை 140 பேரே முடித்தார்கள், நாள்கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலராக ஏறியது என்று டெய்லர் எழுதினார்.

வேலைக்கேற்ற கருவி தந்தது நல்ல காரியம். ஆனால் டெய்லர் அதோடு நிற்கவில்லை. எதை, எப்படி, எத்தனை நிமிடத்தில் செய்வது என்பதைத் திட்ட அறை முடிவு செய்யும். தொழிலாளி சீட்டில் உள்ளபடி செய்தால் போதும். ஒரே ஃபோர்மேன் பார்த்த மேற்பார்வையையும் எட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். 1911இல் வெளிவந்த அவரது ‘விஞ்ஞான மேலாண்மையின் கோட்பாடுகள்’ இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் இந்த முறைக்கு எதிர்ப்பு வெடித்தது. வார்ப்புப் பட்டறையில் மணலில் அச்சு செய்யும் ஒரு வேலைக்கு, நேரம் அளக்க வந்த ஸ்டாப்வாட்ச்காரர் குறித்தது 24 நிமிடம். தொழிலாளிகள் தாங்களே அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 50 நிமிடம் வந்தது. மணலின் ஈரத்தைக் கைபட்டே அறிந்தவர்களுக்கு, வார்ப்பு வேலையே தெரியாத ஒருவர் கெடு வைத்தால் கோபம் வராதா? கடிகாரத்துக்கு முன் வேலை செய்ய மாட்டேன் என்ற ஒருவரை நிர்வாகம் நீக்கியதும் பட்டறையே வெளிநடப்புச் செய்தது.

ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்கள், ஆனால் விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. டெய்லரே வந்து நாள்கணக்கில் பதில் சொன்னார். 1915இல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் அளவீட்டுக்குச் சட்டம் தடை போட்டது. 1949 வரை அது நீடித்தது.

இன்று ஆன்லைன் கிடங்குகளில் கையிலிருக்கும் ஸ்கேனரே நேரம் பார்க்கிறது. பெரிய கிடங்குகள் தொழிலாளிக்கு வைக்கும் இலக்கை எழுத்தில் தர வேண்டும், கழிவறைக்குப் போகவும் சாப்பிடவும் இடம் தராத இலக்கு செல்லாது என்று கலிஃபோர்னியா 2022 முதல் சட்டம் வைத்திருக்கிறது.