எந்த வண்டியில் போகலாம்?

குட்டிகளே! நீங்கள் பள்ளிக்கு எதில் போகிறீர்கள்? சைக்கிளா, பஸ்ஸா, ஆட்டோவா? தூரம், காசு, நேரம் இந்த மூன்றையும் பார்த்துத்தானே வீட்டில் முடிவு செய்கிறார்கள்?

சக்கர நாற்காலியில் செல்பவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். கூடவே இன்னொரு கேள்வியும் அவருக்கு உண்டு. "என்னால் இதில் ஏற முடியுமா?"

சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். படியேறித்தான் போக வேண்டும். உங்களுக்கு இரண்டே தாவல். சக்கர நாற்காலிக்கோ அது மலை! தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021இல் இலவசப் பயணம் அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால், ஏறவே முடியாத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்? அதனால் பலர் கூடுதல் காசு கொடுத்து ஆட்டோவில் போகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர் வீட்டிலேயே இருந்து விடுகிறார்.

இதற்கு வந்த மாற்றுவழிதான் தாழ்தளப் பேருந்து. இதன் தளம் சுமார் 40 செ.மீ. உயரம்தான். உள்ளே செல்லப் படியே கிடையாது. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்து இன்னும் தாழும். சாய்வுப் பலகையை விரித்தால் நாற்காலி அப்படியே உள்ளே உருண்டுவிடும். 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. முழங்கால் வலிக்கும் பாட்டிக்கும், கைக்குழந்தையோடு வரும் அம்மாவுக்கும்கூட இதில் ஏறுவது சுலபம்!

ரயில் நிலையங்களில் மேடு மேடாக மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவை அழகுக்காக அல்ல. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் உருவாக்கியவை. 1967இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் இருந்தால் "நேராகப் போ". புள்ளிகள் இருந்தால் "நில், கவனி" என்று பொருள். பார்வையற்றவர்கள் காலாலும் கைத்தடியாலும் இதைப் படிக்கிறார்கள்.

அந்த ஓடுகளின் மேல் யாராவது பைக்கை நிறுத்தினால்? வழி அங்கேயே அறுந்து போகும்! வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள பாதை ஒரு சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி விட்டாலும் பயணம் நின்றுவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்? பஸ் வந்ததும் பார்வையற்றவருக்கு அதன் எண்ணைச் சொல்லுங்கள். உதவும் முன், "உதவட்டுமா?" என்று கேளுங்கள். சட்டென்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை எத்தனை படிகள், எத்தனை பள்ளங்கள் என்று எண்ணி எழுதுங்கள். சாய்தளம் எங்கே வேண்டும் என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சரிதானே?