பன்னாட்டு உறவுகள் முதுகலைப் படிப்பு

நாடுகளுக்கு இடையிலான போர், சமாதானம், வணிகம், எல்லை, இடப்பெயர்வு, உடன்படிக்கை ஆகியவற்றை ஆராயும் துறை பன்னாட்டு உறவுகள் ஆகும். சர்வதேச உறவுகள் என்றும் இது வழங்கப்படுகிறது. இந்தியாவில் இத்துறையின் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்களைக் கொண்டது. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம். பொறியியல் படித்துவிட்டு இதற்கு வருவோரும் உள்ளனர்.

இத்துறை ஒரு துக்கத்திலிருந்து பிறந்தது எனலாம். முதல் உலகப் போரில் உயிரிழந்த மாணவர்களின் நினைவாக, 1919இல் வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித் நகரில் பன்னாட்டு அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அறிவைக் கொண்டு அடுத்த போரைத் தடுக்கலாம் என்பது அன்றைய நம்பிக்கை. அதே இருக்கையில் 1936இல் அமர்ந்த ஈ. எச். கார், அந்த நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கிய தம் நூலை 1939இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இந்தியாவில் 1955இல் தில்லியில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை. 1970இல் அப்பள்ளி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இதற்கெனத் தனித்துறை இயங்குகிறது.

என்ன கற்பிக்கப்படுகிறது?

முதல் பருவத்தில் கோட்பாடுகள் வரும். பெரும்பாலான மாணவர்கள் திணறுவது இங்கேதான். நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தை நினைத்துக்கொண்டு வகுப்புக்கு வருபவர் கையில் மார்கெந்தாவும் (1948) கென்னத் வால்ட்ஸும் (1979) கொடுக்கப்படுகின்றனர். நாடுகளுக்கு மேல் ஓர் அரசு இல்லாததால் ஒவ்வொன்றும் தன் வலிமையையே நம்ப வேண்டியுள்ளது என்பது யதார்த்தவாதம். வணிகமும் நிறுவனங்களும் சட்டமும் மோதலைக் குறைக்கும் என்பது தாராளவாதம். பகையும் நட்பும் நாடுகள் தம்மைப் பற்றியும் பிறரைப் பற்றியும் கொண்டுள்ள எண்ணங்களால் உருவாகின்றன என்பது ஆக்கவாதம். இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் அப்படிப் படித்தவருக்கு இப்படிப்பு கடைசிவரை வறண்டதாகவே இருக்கும். ஒரு சிக்கலின் மீது அவற்றை வைத்துப் பார்க்கும்போதுதான் அவை எதற்கு என்று புரியும்.

பாக் நீரிணை மீனவர் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். 1974 உடன்படிக்கையின்படி வரையப்பட்ட கடல் எல்லைக் கோட்டில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. 1976இல் எல்லை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்பதும் அப்போது எழுத்தில் வந்தது. பெரிய நாடான இந்தியா ஏன் இதற்கு இசைந்தது? இந்தியப் பெருங்கடலில் வல்லரசுகள் போட்டியிட்ட காலத்தில், அண்டை நாட்டின் நட்பு ஒரு சிறு தீவை விடப் பெரிதாகத் தோன்றியிருக்கும் என்று யதார்த்தவாதி விளக்குவார். தாராளவாதி உடன்படிக்கைகளையும், 2016இல் இரு நாடுகளும் அமைத்த கூட்டுப் பணிக்குழுவையும் சுட்டுவார்.

இரண்டு விளக்கங்களும் ஓரிடத்தில் தடுக்கி நிற்கின்றன. இரண்டிலும் இந்தியா ஒரே ஆளாகவும் இலங்கை ஒரே ஆளாகவும் பேசுகின்றன. கடலில் எதிரெதிரே நிற்பவர்களோ இராமேசுவரத்து விசைப்படகு மீனவரும், உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின் மீண்டும் கடலுக்கு வந்த வட இலங்கையின் சிறு படகு மீனவரும். இருவரும் தமிழர். தமிழ்நாட்டு மேடைகளில் ஒலிக்கும் 'தொப்புள்கொடி உறவு' என்ற சொல், இழுவைமடியில் வலை அறுந்த யாழ்ப்பாணத்து மீனவருக்கு எப்படிக் கேட்கும்? இலங்கை 2017இல் இழுவைமடிக்குச் சட்டத்தடை விதித்தபோது அதைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். தில்லி கொழும்புடன் பேசும்போதே சென்னையையும், கொழும்பு யாழ்ப்பாணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. ஓர் அரசு ஒரே நேரத்தில் வெளிநாட்டுடனும் உள்நாட்டுடனும் பேரம் பேசுவதை ராபர்ட் புட்னம் 1988இல் 'இருநிலை ஆட்டம்' என்று விளக்கினார். அந்தக் கட்டுரை இச்சிக்கலுக்கு மற்ற இரண்டையும் விட நன்றாகப் பொருந்துகிறது. ஆயினும் கைதாகிச் சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்தை அதிலும் காண முடியாது.

இத்தகைய தலைப்பில் ஆய்வேடு எழுதும் மாணவருக்குத் தமிழ் ஒரு மூலதனம். உடன்படிக்கையின் வாசகம் ஆங்கிலத்தில் கிடைக்கும். இரு கரைகளின் குரல் தமிழில்தான் கிடைக்கும். கல்லூரிவரை தமிழில் படித்தவர்கள் இதை ஒரு குறையாக எண்ணித் தயங்குவதுண்டு. வகுப்பும் கட்டுரையும் ஆங்கிலத்தில் நடப்பதால் முதல் ஆண்டு கடினமாக இருக்கும் என்பது உண்மை. வாரத்துக்குச் சில நூறு பக்கங்கள் வாசிக்க நேர்வதும் உண்டு.

எங்கே படிக்கலாம்?

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் வேறு பல மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் சேர, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுகலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். சார்க் நாடுகள் இணைந்து 2010இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் தில்லியில் உள்ளது. அண்டை நாட்டு மாணவருடன் ஒரே வகுப்பில் அமர்ந்து எல்லைச் சிக்கலைப் படிப்பது வேறு எங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம். தெற்கில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி ஆகியவற்றில் இத்துறை சார்ந்த படிப்புகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுத் துறையும் இதற்கு நெருங்கியதே. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்குகிறது.

பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டுதான். கட்டணம் இந்திய அரசுப் பல்கலைக்கழகங்களை விடப் பல மடங்கு. செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் தேவை. படித்து முடித்தபின் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். கல்விக் கடன் வாங்கிச் செல்வோர் அடுத்த பகுதியைக் கவனமாகப் படிப்பது நல்லது.

படித்தபின்

இப்பட்டம் பெற்றால் தூதராகலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்திய வெளியுறவுப் பணிக்கு இந்தப் பட்டம் தேவையில்லை. ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டத்துடன் குடிமைப் பணித் தேர்வில் வென்று, போதிய தரவரிசையும் பெற வேண்டும். ஆண்டுதோறும் சில பத்துப் பேருக்கே அந்த இடம் கிடைக்கிறது. முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களில் 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' ஒன்று. 500 மதிப்பெண் கொண்டது. இப்படிப்பு அதற்கு உதவும், அவ்வளவே.

உறுதியாகத் திறந்திருக்கும் வழி கற்பித்தலும் ஆய்வும். அதற்குத் தேசியத் தகுதித் தேர்வும் பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், செய்தித்துறை, பெருநிறுவனங்களின் அபாய மதிப்பீட்டுப் பிரிவு ஆகியவற்றிலும் வேலை உண்டு. அங்கெல்லாம் முதலில் கேட்கப்படுவது எழுதிய கட்டுரை ஒன்றைத்தான். அடுத்துக் கேட்கப்படுவது வேறு என்ன மொழி தெரியும் என்பது. இரண்டு ஆண்டுகளில் சீனமோ அரபியோ சிங்களமோ ஓரளவு கற்றுக்கொண்டவர், அதே மதிப்பெண் பெற்ற சக மாணவரை முந்திச் செல்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாகிறது.