குழந்தையின் மூச்சுக்கு எது அளவுகோல்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாழும் தமிழ்ச் சிறுவன் ஒருவன், மழைக்காலந்தோறும் மூச்சிரைப்பால் வருந்துகிறான் என்று கொள்வோம். மருத்துவர் அவனை ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதச் சொல்வார். நெஞ்சு நிறைய இழுத்த காற்று எவ்வளவு வெளிவருகிறது, முதல் நொடியில் எவ்வளவு என்பதை அது காட்டும்.

ஆனால் எண் தானே பேசாது. வயது, உயரம், ஆண் பெண் என்னும் வேறுபாடு ஆகியவற்றில் ஒத்த, நலமுள்ள சிறாரின் அளவோடு ஒப்பிட்டால்தான் பொருள் விளங்கும். எந்நாட்டுச் சிறார்? ஐரோப்பியரின் அளவைக் கொண்டால், நலமுள்ள நம் பிள்ளையும் நோயாளியாகத் தோன்றக்கூடும். 2012இல் வெளியான உலகக் கணக்கிலும் இந்தியருக்கெனத் தனிப் பிரிவு இல்லை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 7 முதல் 19 வயது வரையுள்ள தென்னிந்தியச் சிறாரை அளந்து, 2000இல் கணக்கு வெளியிட்டனர்.

எனினும், 'நம்மவர்க்கு இவ்வளவே இயல்பு' என்று அளவைத் தாழ்த்துவதும் தீது. ஊட்டக்குறைவும் அடுப்புப் புகையும் விளைத்த கேட்டை அது மறைத்துவிடும். ஆகவே, நன்கு உண்டு நலமாய் வளரும் நம் சிறாரையே அளவுக்குக் கொள்ளல் வேண்டும்.

பெற்றோராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சோதனைச் சீட்டுகளைக் காத்துவைப்போம். ஊர் மாறினும் உடன் கொண்டு செல்வோம். வளரும் பிள்ளையின் மூச்சு ஆண்டுதோறும் பெருக வேண்டும். பெருகவில்லையெனில், பழைய சீட்டே அதனை மருத்துவருக்கு உணர்த்திவிடும்.